ஏழாம் வீட்டுச் சாவி

ஜோசியம் பார்ப்பவனிடம் எல்லாரும் நாளைக்கு நடக்கப்போவதைத்தான் கேட்பார்கள். நேற்று நடந்ததாக நாங்கள் சொல்வதை யாரும் சரிபார்ப்பதில்லை. கண்டியில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடி அறையில் உட்கார்ந்து பல வருடங்களாக நான் சொல்லிவரும் ஒரு புடவைக்கடைக் கதை உண்டு. அதில் எனக்குச் சந்தேகம் வந்து வெகுகாலமாகிறது. ஆனாலும் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். ஜாதகத்தை நீட்டிவிட்டு என்னைப் போன்ற ஒருவனின் வாயையே பயத்தோடு பார்த்தபடி நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். எதிர்க் கதிரையில் இருப்பவனுக்கும் அதே பயம்தான் என்பதை இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன்.

மாமா சொன்ன கதை

மாமா என்றால் என் மனைவியின் தகப்பனார். எனக்கு முன் அதே அறையில் ஜாதகம் பார்த்தவர். அந்தக் காலத்தில், கண்டிக்குப் பக்கத்து வத்தேகமவில் சண்முகம் முதலாளியும் ஹனிபா நானாவும் கூட்டாகப் புடவைக்கடை நடத்தினார்கள். ஆளுக்கொரு சாவி. வெள்ளிக்கிழமை நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போனால் முதலாளி கடையைப் பார்ப்பார். தீபாவளியன்று முதலாளி வீட்டில் இருக்க, நானா தன் சாவியால் கடையைத் திறப்பார்.

முதலாளி ஒருநாள் ஜாதகத்தோடு மாமாவிடம் வந்தார். ஏழாம் வீட்டில் சனியும் செவ்வாயும் சேர்ந்து நின்றன. ஏழாம் வீடு கல்யாணத் துணைக்கு மட்டுமல்ல, தொழில் கூட்டாளிக்கும் உரியது. சனி இழுத்துப் பிடிப்பவர், செவ்வாய் பாய்பவர்; இருவரும் ஓரிடத்தில் நின்றால் துணை நிலைக்காது என்பது மாமாவின் கணக்கு. கூட்டாளி விட்டுப் போய்விடுவார் என்று சொல்லியிருக்கிறார். அந்த வருடமே நானா பிரிந்து, எதிர்ப் பக்கத்தில் தனிக்கடை போட்டார். இந்தச் சேர்க்கையோடு யார் வந்தாலும் நான் சாட்சிக்கு இழுப்பது இந்தக் கதையைத்தான். கதையை மாமா எப்போதும் இப்படித்தான் முடிப்பார்: "நான் சொன்னேன், நடந்துச்சு. அதுக்கு மேல என்ன வேணும்?"

பொருத்தமில்லாதவர்கள்

சந்தேகத்தை முதலில் கிளப்பியவர், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு அரசாங்கக் கந்தோர்க்காரரின் மனைவி. மகனுக்குப் பொருத்தம் பார்க்க இருவருமாக வந்தார்கள். பேச்சோடு பேச்சாக அந்த அம்மா தன் ஜாதகத்தையும் எடுத்துக் காட்டினார். ஏழில் அதே சனி, அதே செவ்வாய். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு புடவைக்கடைக் கதையைத் தொடங்கினேன். பாதியில் கணவர் எழுந்து போய், மனைவியின் முகத்தில் வெயில் படாமல் யன்னல் திரையை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த அம்மா கதையைக் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஓம் ஐயா, பொருத்தமில்லை எண்டு கலியாணத்துக்கு முந்தியே எங்களுக்கும் சொன்னவை. இவ்வளவு காலமாப் பொருத்தமில்லாமலே இருந்து பழகிட்டம்."

கவிதாவின் பயம்

அந்தத் தம்பதிக்கு விதிவிலக்கு என்று பெயர் வைத்துத் தப்பித்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் விதிவிலக்குக்குப் பஞ்சமில்லை. சென்ற மாதம் தப்பிக்க முடியவில்லை.

மஹய்யாவையிலிருந்து, மாநகரசபையில் வேலை செய்யும் ஒருவர் மகள் கவிதாவோடு வந்தார். சிம்ம லக்னம், ஏழாம் வீடான கும்பத்தில் சனியும் செவ்வாயும். இதைக் காரணம் காட்டியே வந்த சம்பந்தங்கள் எல்லாம் திரும்பிப் போயிருந்தன. பெண்ணுக்கு முப்பது தாண்டிவிட்டது. இப்போது அவளே ஒருவனைச் சொல்கிறாள், போன் திருத்தும் கடை வைத்திருப்பவன். என் வாயிலிருந்து வருவதைக் கேட்டுத்தான் தகப்பன் முடிவெடுப்பாராம். கும்பம் சனிக்குச் சொந்த வீடு, சிம்ம லக்னத்துக்குச் செவ்வாய் நல்லவர் என்று ஒரு கணக்கு. சேர்க்கை துணையைப் பிரிக்கும் என்று இன்னொரு கணக்கு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். தகப்பன் முன்னால் படியிறங்க, அவள் வாசலில் நின்றாள். "ஐயா, நாங்க நல்லா இருப்போமான்னு நான் கேக்க வரல. நீங்க ஒன்னச் சொல்லிட்டா, அப்புறம் எங்க அப்பா அவர எப்பிடிப் பார்ப்பாருன்னுதான் பயமா இருக்கு."

எதிர்ப் பக்கத்துக் கடை

மாமாவின் கதையைச் சரிபார்க்க, மறுநாள் வத்தேகம பஸ்ஸில் ஏறினேன். சண்முகம் முதலாளி இப்போது இல்லை; அவருடைய கடை இருந்த இடத்தில் மருந்துக்கடை. எதிர்ப் பக்கத்தில், மகன் நடத்தும் கடைக்குள் ஹனிபா நானா ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்பதையும் எதற்கு வந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. பால் இல்லாத பிளேன்டி வரவழைத்தார். முதலாளியைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. அவருடைய செத்த வீட்டில் கடைசிவரை நின்றுவிட்டுத்தான் வந்தாராம். பிறகு ஏன் அவரை விட்டுப் போனீர்கள் என்று கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் எங்க தம்பி விட்டுட்டுப் போன? தீவாளி அன்டைக்குக் காலயில கடையத் தொறக்கப் போனேன். புதுப் பூட்டுப் போட்டிருந்தாரு. என்ட சாவி உள்ளுக்குப் போகல்ல."

சனிக்கிழமை

கவிதாவின் தகப்பனிடம் அந்த நல்ல கணக்கைத்தான் சொல்வது, புடவைக்கடைக் கதையை எடுப்பதில்லை என்று திரும்பி வரும்போதே தீர்மானித்துவிட்டேன். நல்ல கணக்கையும் நம்பித்தான் சொல்ல நினைத்தேனா என்பது வேறு கேள்வி. பூட்டு மாறியதற்கு எனக்குத் தெரியாத காரணம் ஏதும் இருந்திருக்கலாம். மாமா சொன்ன சொல்லே காரணமாகவும் இருந்திருக்கலாம். எப்படி நடந்திருந்தாலும் அந்த இரண்டு கிரகங்களும் அதே வீட்டில்தான் நிற்கும்.

சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, கவிதாவின் ஜாதகக் கட்டத்தை மாமாவின் முன்னால் வைத்தேன். அவருக்கு இப்போது காது மந்தம். கண் நன்றாகத் தெரியும். ஏழாம் வீட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வத்தேகம கதையைத் தொடங்கிவிட்டார். அவர் சொல்லச் சொல்ல, என்னிடம் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் வீட்டுக்குப் போய்ப் பூட்டை மாற்றினார்களோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு நடப்பதைச் சொல்லிச் சோறு சாப்பிடுகிறவனுக்கு, நடந்து முடிந்த ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அரை ஆயுள் போயிருக்கிறது.

"அதுக்கு மேல என்ன வேணும்?" என்று மாமா முடித்தார். நான் கதிரையை அவர் காதுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன்:

"மாமா, முதலாளிக்கு நீங்க பலன் சொன்ன அன்னைக்கு, கடையோட ரெண்டாவது சாவி யார் கையில இருந்துச்சு?"