மணிக்கட்டக்கா கேட்ட கடிகாரம்

எங்கள் தொழிற்சாலையில் ஓய்வு பெறுகிற பெண்களுக்கு ஒரு 'துளி' பரிசாகக் கொடுப்பார்கள். துளி என்பது நாங்கள் செய்கிற பெண்கள் கைக்கடிகார வரிசை. பேட்டரி கிடையாது, எல்லாம் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். தங்கக் கூடு, சிப்பியில் செய்த முகப்பு, கடையில் வைப்பதற்கென்றே தனிக் கண்ணாடிப் பெட்டி. செய்கிற எங்கள் சம்பளத்துக்கு அதன் வாரைக்கூட யோசித்துத்தான் வாங்க வேண்டும். அதனால் ஓய்வு பெறுகிற மாதம் ஒவ்வொருத்தியும் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இதுவா அதுவா என்று சோறு தண்ணி இறங்காமல் அலைவாள்.

மணிக்கட்டக்கா பட்டியலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்கு ரெண்டாம் துளியோட நாலாம் மாதிரி வேணும்" என்றாள்.

பணியாளர் அலுவலகத்துப் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதிரி என்றால் சோதனைக்காக மட்டும் செய்கிற கடிகாரம். கடைக்கு வராது. சோதனை முடிந்ததும் அழுத்து இயந்திரத்தில் வைத்து நொறுக்கிவிட வேண்டும் என்பது விதி. அதிலும் இரண்டாம் துளியின் நாலாம் மாதிரி, ஓடாமல் நின்று நின்று பேரைக் கெடுத்துக்கொண்டது. அது நடந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது.

"அக்கா, வைரம் வச்சது இருக்கு, நிலா தெரியுறது இருக்கு. நின்னுபோனதை வாங்கி என்ன பண்ணப் போறீங்க?"

"என்னமோ பண்ணிக்கிறேன். அது இருக்கா இல்லையா, அதை மட்டும் பாத்துச் சொல்லு."

துணைக்குப் போயிருந்த நான் மேசைக்கடியில் அவள் தொடையைக் கிள்ளினேன். அவள் அசையவில்லை. அசையாமல் இருப்பதில் அவள் கெட்டிக்காரி என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் முள் பொருத்துகிறவள். மணி முள், நிமிட முள், நொடி முள், அவ்வளவுதான் என் உலகம். அக்கா எனக்கு அடுத்த மேசை. அவள் வேலை ஓட்டத்தைச் சரிபார்ப்பது. கடிகாரம் முந்துகிறதா பிந்துகிறதா என்று பார்த்துத் திருத்துவாள். ஆனால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்தது வேறு வேலையால். புது மாதிரி ஒன்று தயாரானால், அதை ஒரு பெண் நாற்பது நாள் கட்டிக்கொண்டு புழங்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதும், தூங்கும்போதும் கழற்றக் கூடாது. தினமும் காலை எட்டு மணிக்கு எத்தனை நொடி முந்தியது, பிந்தியது என்று நோட்டில் எழுத வேண்டும். நின்றுபோனால் உலுக்கக் கூடாது, சாவி கொடுக்கக் கூடாது. எப்போது நின்றது, தானாக எப்போது ஓட ஆரம்பித்தது என்று மட்டும் எழுத வேண்டும். இந்த வேலைக்கு ஒல்லியான மணிக்கட்டு வேண்டும் என்று அளவெடுத்தபோது, எங்கள் கூடத்திலேயே அவளுடையதுதான் மெல்லிசு. என் மணிக்கட்டை அளந்தவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு பேசாமல் போய்விட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆகவே, எந்தப் பணக்காரி கையிலும் ஏறும் முன் ஒவ்வொரு துளியும் அக்கா கையில் ஏறி இறங்கியது. நாற்பத்தோராம் நாள் காலையில் அவள் அதைக் கழற்றி, துடைத்து, தட்டில் வைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு மேசைக்கு வருவாள். முப்பத்தாறு வருஷத்தில் அவள் சொந்தமாக ஒரு கடிகாரம் கட்டியதில்லை. மணி கேட்டால் சுவரைப் பார்ப்பாள்.

முதல் துளி சட்டைப் பொத்தான் அளவு. தினமும் சாவி கொடுக்க வேண்டும். அக்கா நோட்டில் எழுதினாள்: "சாவி கொடுக்கையில் கட்டைவிரல் நகம் உடைந்தது. இரண்டு முறை." உடனே சாவி கொடுக்கிற குமிழைப் பெரிதாக்கி ஓரத்தில் வரிப்பள்ளம் போட்டார்கள். பட்டு வாரைப் பற்றி, "மூன்றாம் நாள் வெங்காய வாடை. ஆறாம் நாள் என்னால் சொல்ல முடியாத வாடை" என்று எழுதினாள். பட்டு ஒழிந்து தங்க வலை வார் வந்தது. கடை விளம்பரத்தில் அதை ஏதோ கலைஞரின் கனவு என்று போட்டார்கள். நாங்கள் கேண்டீனில் அதைப் படித்து, தேநீர் மூக்கில் ஏறச் சிரித்தோம்.

இரண்டாம் துளிக்குச் சாவி வேண்டாம். கை அசைய அசைய உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று சுற்றி ஸ்பிரிங்கை முறுக்கும். ஆண்கள் கடிகாரத்தில் அது சுலபம், இடம் இருக்கிறது. இவ்வளவு சின்னக் கூட்டில் தகடும் சின்னது, அதற்கு வலுவும் கம்மி. மூன்று மாதிரி சரியாக வரவில்லை. நாலாம் மாதிரியை அக்கா கட்டினாள். பதினெட்டு நாள் அது சொக்கத்தங்கமாக ஓடியது. பத்தொன்பதாம் நாளிலிருந்து பதினோரு நாளில் நாலு முறை நின்றது. நோட்டின் கடைசிக் கட்டத்தில், 'அன்றைய வேலையும் கை அசைவும்' என்ற இடத்தில், அந்தப் பதினோரு நாளும் அக்கா எழுதியது ஒரே வார்த்தை: வழக்கம்போல்.

வழக்கம்போல் புழங்கியும் நிற்கிறதென்றால் கோளாறு கடிகாரத்தில்தானே? வடிவமைப்புப் பிரிவில் அப்போது ஒரு இளம் பொறியாளர் இருந்தார். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஆள், கண்ணாடிக்காரர் என்போம். அவர் எட்டு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டு, தகடு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும்படி மாற்றினார். இலேசான அசைவே போதும் என்றாயிற்று. மூன்றாம் துளி அப்படித்தான் பிறந்தது, விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பேட்டரிக் கடிகாரம் வந்து மற்ற வரிசைகளை எல்லாம் இழுத்து மூடியபோதும் துளி மட்டும் தப்பியது அந்த இருபக்கத் தகட்டால்தான். நாலாம் துளியில் நிலா வந்தது, பின்பக்கம் கண்ணாடி வைத்துத் தகடு ஆடுவதைப் பார்க்கும்படி செய்தார்கள். அப்புறம் எல்லோரும் பெரிதாகக் கேட்டார்கள், பெரிதாயிற்று. இப்போது மறுபடி சின்னதாகக் கேட்கிறார்கள். கண்ணாடிக்காரர் பிரிவின் தலைவரானார். நிறுவனத்தின் பளபளப்பான புத்தகத்தில் ஒரு பக்கமே இருக்கிறது: நின்றுபோன ஒரு கடிகாரத்திலிருந்து பிறந்த வரிசை என்று.

அந்தக் கடிகாரத்தைத்தான் அக்கா கேட்டாள். அது நொறுக்கப்பட்டிருந்தால் கேட்டதற்கு அர்த்தமே இல்லை. பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அழுத்து இயந்திரம் இருக்கும் அறையைத் தாண்டும்போதெல்லாம் நடையைக் கூட்டினாள்.

பத்தாம் நாள் கண்ணாடிக்காரரே கூப்பிட்டனுப்பினார். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைத்தார். நொறுக்கவில்லை, விதியை மீறி அவரே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இது எனக்கு ராசியானதும்மா. எதையாவது யோசிச்சு மாட்டிக்கிட்டா இதைத்தான் எடுத்து வச்சுப் பாப்பேன். இதைப் போயா கேக்குறீங்க? காரணம் சொல்லுங்க, தந்துடறேன்."

அக்கா டப்பாவையே பார்த்தாள். "சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும் சார்."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"அந்தக் கடிகாரத்துல கோளாறே இல்ல சார்."

அவர் கை கண்ணாடியைத் தேடி நெற்றிக்குப் போனது.

அக்கா சொன்னாள். அப்போது அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்து இருபது நாள். தங்கைக்குக் கடுமையான காய்ச்சல், மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். தங்கை வீட்டுக்காரர் வெளியூர் வேலையில் மாட்டிக்கொண்டார். அக்கா லீவு போட்டுக் குழந்தையைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். அந்தப் பெண் குழந்தை தொட்டிலில் தூங்காது, பாயில் தூங்காது. அக்கா கடிகாரம் கட்டியிருந்த இடது கையின் மடிப்பில் தலை வைத்தால் மட்டும் தூங்கும். லீவில் போனால் மாதிரியைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்; கொடுத்தால் சோதனை மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பம். பதினெட்டு நாளை வீணாக்க மனசில்லாமல் கட்டிக்கொண்டே போய்விட்டாள். லீவுச் சீட்டு பணியாளர் அலுவலகத்துக்குப் போனது, நோட்டு வடிவமைப்புப் பிரிவுக்குப் போனது. இரண்டுக்கும் நடுவில் கேண்டீன் இருக்கிறது. அதைத் தாண்டி எந்தக் காகிதமும் இன்றுவரை போனதில்லை.

கண்ணாடிக்காரர் டப்பாவைத் திறந்து அந்தக் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மாதம், பதவி, புத்தகத்தில் ஒரு பக்கம் எல்லாம் அவர் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

"பதினோரு நாளும் கையை அசைக்கவே இல்லையா?"

"அசைச்சா முழிச்சுக்கும் சார்."

"அதை அப்படியே எழுதியிருக்கலாமே. ஏன் வழக்கம்போல்னு எழுதுனீங்க?"

"குழந்தைய வச்சிருந்தேன்னு எழுதுனா, உனக்கேது குழந்தைன்னு யாராவது கேப்பாங்க. எல்லாரும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போன சமயம் அது." டப்பாவின் விளிம்பை விரலால் தொட்டாள். "அப்புறம், எழுதும்போது அது பொய்னும் தோணல. எனக்கு அதான் வழக்கம்னு ஆயிடக் கூடாதான்னு இருந்துச்சு."

அதற்குப் பிறகும் இருபத்தேழு வருஷம் அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். குழந்தை விஷயத்தை அவள் என்னிடமும் சொன்னதில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஏன் சொல்லவில்லை என்று பிறகு வழி நெடுகத் திட்டினேன்.

பதினோராம் நாள் தங்கை எழுந்து வந்துவிட்டாள். மாலை நாலு பத்துக்கு அக்கா குழந்தையைத் தூக்கித் தங்கை கையில் கொடுத்தாள். கொடுத்த அந்த அசைவில், மத்தியானத்திலிருந்து நின்றிருந்த கடிகாரம் ஓட ஆரம்பித்தது. விதிப்படி எழுத வேண்டுமே, எழுதினாள். நோட்டு கண்ணாடிக்காரரிடம் இருந்தது. புரட்டிக் காட்டினார். '4.10, தானாக ஓடத் தொடங்கியது' என்று அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் இருந்தது. அடுத்த மாதமே தங்கை குடும்பம் வேறு நாட்டுக்குப் போய்விட்டது.

கண்ணாடிக்காரர் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். "புத்தகத்துல அந்தப் பக்கத்தை மாத்தணும்" என்றார்.

"எதுக்கு சார்? தகடு நல்லாத்தானே சுத்துது."

அவள் ஓய்வு பெற்று மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். "வாம்மா, உங்க அக்கா ரொம்ப வேலையா இருக்கா" என்று உள்ளே கையைக் காட்டினார். அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கை மடிந்திருந்தது. கையில் நாலாம் மாதிரி. மடிப்பில் ஒரு சின்னத் தலையணை.

என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டாள். தலையணையை எடுக்கப் போனவள் எடுக்காமல் விட்டாள்.

"காலையில பொண்ணு வீடியோவுல கூப்பிட்டா" என்றாள். பொண்ணு என்றால் அந்தத் தங்கை மகள்தான். மாதம் ஒருமுறை அவள் பேசுவதை அக்கா ஒரு மாதத்துக்குப் பேசுவாள். "பெரியம்மா, வாட்ச் புதுசான்னு கேட்டா. இல்லடி, இதுக்கு உன் வயசுன்னேன். அப்படியா, அழகா இருக்குன்னா. அதுக்குள்ள அவளுக்கு ஆபீஸ்ல கூப்பிட்டாங்க, வச்சுட்டா."

"அன்னிக்கு அவளுக்காகக் கைய மடிச்சு வச்சிருந்ததைச் சொன்னியா?"

"இல்ல. சொன்னா என்ன பண்ணும் அது? பாவம், அதுக்கா ஞாபகம் இருக்கப்போகுது?"

கடிகாரத்தின் ஓசை எனக்குக் கேட்டது. எங்கள் காது அப்படிப் பழகியது. சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"என்னக்கா பண்ற, நிறுத்திப் பாக்குறியா?"

"மூணு வாரமா பாக்குறேன்டி. தினமும் இப்படி உக்காந்துடறேன். ஒரு தடவைகூட நிக்கல. ஈ வந்தா கை விசுறுது, போன் அடிச்சா எடுக்குது, குக்கர் விசில் விட்டா எந்திரிக்குது. அன்னிக்குக் கை மரத்துப்போய் விரல் நீலமாச்சு, அப்பவும் அசையலையே."

"அதான் தலையணையா?"

அவள் அதைக் குனிந்து பார்த்தாள். வலது கையால் அதன் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"இது முழிச்சுக்காதுன்னு கைக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள்.