தலைகீழாய்ச் செருகிய குழாய்

துபாயில் வீட்டுக்குள் விறகடுப்பு மூட்டிக் குளிர்காய ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்டதும் சிரித்தேன். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு மேடம். அவருடைய வில்லாவில் அழகுக்காகக் கட்டிய கணப்பும் புகைபோக்கியும் இருந்தன. அதற்குள் இரும்பு அடுப்பை வைத்து, மொட்டைமாடியிலிருந்து இறக்கிய எவர்சில்வர் குழாயோடு இணைக்க வேண்டும். எங்கள் கம்பெனிக்குத் தெரிந்தது ஏசிக் காற்று போகும் டக்ட் குழாய் வேலை மட்டும். 'குழாய்தானே' என்று அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு அப்போது வேறு நினைப்பு. ஊரில் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது நாலு மாதம்கூட இல்லை. வளைகாப்புக்கும் நான் போகவில்லை. முழங்கை வரை வளையல் போட்டுக்கொண்டு வீடியோவில் கையை நீட்டி, "புள்ள பொறக்கும்போதாவது வந்துருவீகல்ல?" என்றாள். டாக்டர் சொன்ன தேதிக்கு நாலு நாள் முன்னால் நிற்பேன் என்று சத்தியம் செய்தேன். பிறக்கும் முன்னே எதுவும் வாங்கக் கூடாது என்பார்கள். பொறுக்காமல் ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில் ஒரு குட்டி மெத்தை வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

ஏசி வேலையில் ஒரு விதி உண்டு. காற்று வருகிற பக்கத்துக் குழாயின் முனை, அது போகிற பக்கத்துக் குழாய்க்குள் நுழைய வேண்டும். எட்டு வருஷமாகக் கை தானாகச் செய்வது. புகை மேலே போகிறது, ஆகவே கீழ்க்குழாயை மேல்குழாய்க்குள் செருகி ஸ்க்ரூ முடுக்கினேன்.

மூன்று நாள் அடுப்பெரித்துப் பார்த்த மேடம், வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போடப் பேனாவோடு நின்றார். மறுநாள் எனக்கு பிளைட். கடைசியாக ஒருமுறை இணைப்பை மறைத்த மூடியைக் கழற்றினேன். இணைப்பின் வெளிப்பக்கம் கறுப்பாய் வழிந்திருந்தது. தொட்டால் தார் மாதிரி ஒட்டியது. புகை மேலே போகும்தான், ஆனால் குளிர்ந்தால் தாராகிக் கீழே வடியும். மேல்குழாய்தான் கீழ்க்குழாய்க்குள் இறங்கியிருக்க வேண்டும். அப்படியென்றால் வடிவது அடுப்பிலேயே விழுந்து எரிந்துவிடும். இப்போது வெளியே சேர்ந்து, என்றைக்காவது புகைபோக்கிக்குள் தீப்பிடிக்கும்.

போர்மேனுக்குப் போன் செய்தேன். மலையாளி, நல்ல மனுஷன்தான். "எடா, மேடத்துக்கிட்ட ஒப்பு வாங்கிட்டு பிளைட் ஏறு, கலாஸ், வேலை முடிஞ்சுது. அதைத் தொறந்தா, முடிக்காம உனக்கு லீவு மாஃபி, கிடையாது" என்றார்.

வாசலில் போய் நின்றேன். எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது. பாலைவனத்தில் விறகு தேடும் மேடம் மேல், போர்மேன் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் கைகள் மேல். மனைவியைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. உள்ளே அடுப்புக்கு எதிரே ஒரு சாய்வு நாற்காலி புதிதாகக் கிடந்தது. அடுத்த வாரம் மேடத்தின் அம்மா வருகிறாராம். திரும்பிப் போய், "மேடம், மை மிஸ்டேக்" என்றேன்.

பிரித்து மாற்றிச் செருகப் பார்த்ததில் குழாய் நீளம் போதவில்லை. இணைப்புத் துண்டு வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. எட்டு நாளாயிற்று. மனைவியிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. தினமும் போனில், "டிக்கெட் ஒருநாள் தள்ளிப்போச்சு, நாளைக்கு வந்துருவேன்" என்றேன். எட்டு நாளும் அதையேதான் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் காலை புதுத் துண்டை மாட்டி, அடுப்பை மூட்டினேன். இணைப்பு காய்ந்தே இருந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாமியாரின் போன் வந்தது. பெண் குழந்தை, இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள் என்று சொல்லிப் போனை அவளிடம் கொடுத்தார்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. களைத்த குரலில் மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்கு வர்றேன்னீகளேன்னு, நேத்துப் பூரா வலிய யாருகிட்டயும் சொல்லாம வச்சிருந்தேன்."