மாதா கோயிலில் தொங்கும் சிலிண்டர்

பிள்ளைகளா, நம் ஊர் மாதா கோயில் வேப்பமரத்தில் தொங்குவது மணி இல்லை. உங்கள் பெரியப்பா ஒரு காலத்தில் சோறு பொங்கிய குட்டி சிலிண்டர் அது. அதை அறுக்கும்போதுதான் அவருக்குக் காது போனது.

என் அண்ணன் அப்போது திண்டுக்கல் பூ மண்டியில் இருந்தார். ஏலத்தில் வியாபாரிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் விலை கேட்பார்கள். அந்தக் கூச்சலில் யார் என்ன விலை கேட்டார் என்று பிடித்து முதலாளிக்குச் சொல்வது அவர் வேலை. காதை வைத்துப் பிழைத்த மனிதர்.

அதற்கு முன் வேடசந்தூர் மில்லில் இருந்தபோது, அறையில் சமைக்க ஒரு பாத்திரக் கடையில் அந்தச் சிலிண்டரை வாங்கினார். கேஸ் ஏஜென்சியில் பதிந்து வாங்கியதல்ல. வீட்டுக்குப் பெரிய சிலிண்டர் வந்த பிறகு இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. விற்ற கடையை மூடியிருந்தார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் முழுசாக எடுக்க மாட்டேன், அறுத்துக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினார். வெடித்தால் தன் கடையில் வெடிக்கக் கூடாது, அவருக்கு அவ்வளவுதான்.

அந்தச் சமயம் கோயில் மணி விரிசல் விட்டிருந்தது. சிலிண்டரின் அடிப்பக்கத்தை அறுத்துத் தொங்கவிட்டு மணியாக அடிப்பது நம் பக்கத்தில் உண்டு. எங்கள் பங்காளி ஒருவர், இரும்புக் கடையில் போடுவதை மாதாவுக்குக் கொடுத்தால் என்ன என்று ஆரம்பித்தார். அண்ணனும் சரி என்றார்.

அவர் பயமில்லாதவர் அல்ல. வால்வைத் திறந்து, வெங்காயக் காட்டு வரப்பில் பல நாள் வெயிலில் போட்டு வைத்தார். மூக்கை வைத்துப் பார்த்தார். வாடை இல்லை. அடுப்பு எரியாவிட்டால் காலி, வாடை இல்லாவிட்டால் சுத்தம் என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, வாயைத் திறந்து வைத்தாலும் குடத்துத் தண்ணீர் மாதிரி உள்ளேயே கிடக்கும் என்று ஏஜென்சிக்காரர் பிறகுதான் சொன்னார்.

மோட்டார் ரூமிலிருந்து வயர் இழுத்து, கட்டிங் மிஷினை வைத்தார் அண்ணன். பங்காளி தள்ளி நின்றுகொண்டு, "ஏலே, என்ன தடவிக் குடுத்துக்கிட்டு இருக்க? அழுத்திப் பிடிப்பா" என்றார். பொறி உள்ளே போனது. அடித்தட்டு பிய்த்துக்கொண்டு வெங்காயக் காட்டில் போய் விழுந்தது. புகை விலகியபோது அண்ணன் உட்கார்ந்திருந்தார். கன்னம் வெந்திருந்தது, கை கால் இருந்தது. மாதா காப்பாற்றினாள் என்று கும்பிட்டோம். செத்த நேரம் கழித்து அவருடைய இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வந்தது.

அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே, பங்காளி மிச்சத்தைத் தூக்கிப் போய் மரத்தில் கட்டிவிட்டார். கழற்றச் சொல்லிக் கேட்டேன்.

"அவன் காதுக்குத்தான கேக்காது? ஊருக்குக் கேக்குதுல்ல" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். மணி அங்கேயே இருந்தது.

மண்டிக்குத் திரும்பிய அன்று, வியாபாரிகள் பேசிவைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தார்கள். அண்ணன் உதடுகளை மாறி மாறிப் பார்த்து, மல்லிகைக்கு ஒரு விலை சொன்னார். யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. மண்டியே சிரித்தது. முதலாளியும் சிரித்துவிட்டு, இனிமேல் கூடை தூக்கு என்று கையைக் காட்டினார். இன்றும் கூடைதான் தூக்குகிறார்.

கேஸ் அடைத்து வந்த எதையும், அது தீர்ந்துபோன கொசு ஸ்பிரே டப்பாவாக இருந்தாலும், குத்தாதீர்கள், அறுக்காதீர்கள், குப்பையோடு போட்டுக் கொளுத்தாதீர்கள். ஏஜென்சி சிலிண்டரை ஏஜென்சியிடமே திருப்பிக் கொடுங்கள். ஏஜென்சியில் வாங்காத சிலிண்டர் என்றால் தொடாமல், தீயணைப்பு நிலையத்தில் கேளுங்கள். நாங்கள் யாரையும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன ஞாயிறு பூசை முடிந்து, பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று "ஏய் செவிடு" என்று கத்தினீர்கள். அவர் திரும்பவில்லை என்று சிரித்தீர்கள். வெயில் உங்கள் பின்னால் இருந்தது. உங்கள் நிழல் அவர் காலடியில் விழுந்து குதித்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டார்: "புள்ளைக என்னமோ கூப்பிட்டுச்சுகளே, என்னவாம்?"

சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று கையால் காட்டினேன்.

"பெரியப்பா சாப்டாச்சுன்னு சொல்லு" என்றார்.