வேங்கடசாமியின் கேள்வித்தாள்

சூரியனே பீளமேட்டில் வாடகைக்கு வீடு கேட்டு வந்தாலும், புரோக்கர் வேங்கடசாமி பேக்கரி நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்து, "ஏனுங்க, குடும்பமுங்களா, தனி ஆளுங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். தனி ஆள் என்று தெரிந்தால், "பேச்சிலருக்கு ஊடு குடுக்கறதில்லீங்க, கோவிச்சுக்காதீங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிடுவார். அன்றைக்குக் கோயம்புத்தூர் முழுக்க இருட்டுத்தான். அவருக்கென்ன கவலை? பேக்கரியில் டியூப்லைட் இருக்கிறது.

அவருக்குச் சொந்தமாக ஒரு செங்கல்கூடக் கிடையாது. குடியிருப்பதே வாடகை வீடு. ஆனால் இடுப்பு வளையத்தில் பதினேழு வீட்டுச் சாவிகள் தொங்குகின்றன. வீட்டுக்காரர்கள் உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு பார்க்கிறார்கள், இல்லை வெளிநாட்டில் பனி தள்ளுகிறார்கள். வாடகை எவ்வளவு என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். மீதிச் சட்டமெல்லாம் இவர் போடுவது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கருவாடு வறுக்கக் கூடாது. மாமியார் வந்தால் மூன்று நாள், சொந்த அம்மா என்றால் நாலு நாள். தேங்காய் பன்னை டீயில் முக்கி எடுக்கிற நேரத்தில் அவருக்குத் தோன்றுவதுதான் சட்டம். வந்தவர் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தால் அதில் இரண்டு குறையும்.

சாதி மட்டும் கேட்கவே மாட்டார். "அதெல்லாம் கேக்கறது பாவமுங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். போட்ட கை கீழே இறங்குவதற்குள், "குலதெய்வம் எங்கீங்க?" என்பார். பதில் பிடித்துப்போனால் "அட, நம்ம பக்கமுங்களா" என்று இன்னொரு டீ வரும். பிடிக்காவிட்டால் செல்போனைக் காதில் வைத்து வீட்டுக்காரரிடம் பேசுவார். "அப்படிங்களா... குடுத்துப்போட்டீங்களா... சரீங்க." அந்தப் போனுக்குள் ஆள் இருந்ததே இல்லை. ஒருமுறை பேசிக்கொண்டிருக்கும்போதே அது மணியடித்தது. வேங்கடசாமி அசரவில்லை. "லைன்ல இன்னொருத்தர் வாராருங்க" என்றார். போன வாரம் ரிஃபத் என்ற இன்ஜினியர் வந்தபோதும் இதே போன்தான் பேசியது. அவர்தான் இரண்டு டீக்கும் பன்னுக்கும் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

பக்கத்து மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இதை எழுதுகிறவன் ஒரு மாதமாக அந்தக் கேள்விகளையெல்லாம் பழைய பள்ளிக்கூட நோட்டில் இறக்கிக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை பொற்கொடி வந்தாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை. எட்டு மாத வயிறு. குடியிருப்பது மூன்றாவது மாடி. படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிப் பத்து நாள் ஆகிறது. கீழ்வீடு தேடி நாலு புரோக்கர்களிடம் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். மூன்று தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், குலதெய்வத்துக்கு எங்கே போவாள்? ஒவ்வொரு படியிலும் அவள் நின்று மூச்சு வாங்குவது எதிர்வீட்டுக்குக் கேட்கும். எதிர்வீடு நோட்டுக்காரனுடையது. முந்தின நாள் சாயங்காலமே அவன் அவளுக்கு விடை எழுதிக் கொடுத்துவிட்டான். வேங்கடசாமி வாயாலேயே அடிக்கடி கேட்ட கோயில்தான். அவருக்கு அதைவிடப் பிடித்த பதில் வேறெது இருக்கும்?

கேள்வி வந்தது. மனப்பாடம் செய்ததை அவள் அப்படியே சொன்னாள்.

"காங்கேயம் பக்கம், வேலாத்தா கோயிலுங்க."

வேங்கடசாமி பன்னைத் தட்டில் வைத்தார். அவருடைய குலதெய்வமே அதுதான். அதோடு போயிற்றா? அந்தக் கோயிலைக் கும்பிடுகிற நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் வருசா வருசம் திருவிழா வரி எழுதுகிறவரும் அவர்தான். எந்த வீட்டில் எந்த மருமகளுக்கு எத்தனையாவது மாதம் என்பது வரை அத்துப்படி. இது மட்டும் நோட்டில் இல்லாமல் போய்விட்டது.

அவர் கை மெல்ல நகர்ந்து போனின்மேல் உட்கார்ந்தது.

பொற்கொடி உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பது பாடு. ஒரு கையை இடுப்புக்கு முட்டுக் கொடுத்து நின்றாள்.

"இப்ப எத்தனாவது மாடீல இருக்கறீங்க?"

"மூணாவதுங்க."

போன் இருந்த இடத்திலேயே இருந்தது. வளையத்திலிருந்து ஒரு சாவி கழன்றது. "கீழ் ஊடுதான் அம்மணி. கருவாடு வறுத்தா சன்னலச் சாத்திக்கோணும்" என்று பெரிய மனது பண்ணிச் சட்டத்தைத் திருத்தினார். "பங்காளி ஊடுன்னு ஆகிப்போச்சு. கமிஷன் பாதி போதும்." அந்தப் பாதியையும் விடவில்லை, மகராசன்.

சாவியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அவள் ரோட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"ஒரே டீய ஒரு மணி நேரம் குடிக்கற ஆள எனக்குத் தெரியாதா கண்ணு? நோட்டக் குடு."

கொடுக்காமல் முடியுமா? ஒவ்வொரு பக்கமாக, தன் கேள்விகளைத் தானே படித்தார். ஓரிடத்தில் உதடு சிரிக்கப் பார்த்து அடங்கியது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'குலதெய்வம் எங்கே' என்பதற்குக் கீழே, 'போன வருசம் வரி எவ்வளவு கட்டினீர்கள்' என்று புதிதாக ஒரு கேள்வியை எழுதி, அதற்கு எதிரே விடையையும் எழுதி, நோட்டைத் திருப்பி நீட்டினார்.