புலிப்பேச்சி மியூசியம் போன கதை

பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பேச்சியம்மாள் என்று கேட்டால் யோசிப்பார்கள். புலிப்பேச்சி என்று கேட்டால் ஆளுக்கு ஆள் வழி காட்டுவார்கள். 1923-இல், விடியற்காலை ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது எதிரே வந்த புலியை அவள் பால்வாளியாலேயே அடித்து விரட்டினாள் என்பது தோட்டத்து வரலாறு. வரலாற்றைச் சொன்னவளும் அவள்தான், சாட்சியும் அவள்தான். மறுநாள் காட்டோரம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அந்தப் புலியைச் சுட்டு, தோலை உரித்துச் சிங்கப்பூர் மியூசியத்துக்கு ரயிலேற்றிவிட்டார். வேறு யாரும் பார்க்கவில்லை.

செத்த பிறகுதான் அந்தப் புலி வளர ஆரம்பித்தது. முதல் வருஷம் கன்றுக்குட்டி அளவு இருந்தது. எட்டாம் வருஷம் மாட்டுவண்டி நீளத்துக்கு வந்துவிட்டது. அதன் தயவில் அம்மன் கோயிலில் முதல் பிரசாதம் பேச்சியம்மாளுக்கு. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் வரிசை தானாக ஒதுங்கும். புருஷன் போய்ச் சேர்ந்தபின் லயத்து வரிசை வீட்டில் தனியாக இருந்தவளிடம் குடித்துவிட்டு வந்து வம்பு பேச எவனுக்கும் துணிச்சல் இல்லை. அந்தப் பெயர்தான் அவள் கதவுக்குத் தாழ்ப்பாள்.

1931 தைப்பூசத்துக்குத் தோட்டத்துச் சனம் சிங்கப்பூருக்கு ரயிலேறியது. முருகனைக் கும்பிட்டு வெளியே வந்ததும் கங்காணி ஐயாசாமி மீசையைத் தடவினார்.

"ஏம்மா பேச்சி, இவ்வளவு தூரம் வந்துட்டோம். உன் புலியையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாமே?"

நடந்தது என்னவென்று பேச்சியம்மாளுக்கு மட்டும்தானே தெரியும்! விலா எலும்பு தெரிய, இடதுகாது கிழிந்து, பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்த கிழட்டுப் புலி அது. அவள் அடிக்கவும் இல்லை. பயத்தில் வாளி கைநழுவிக் கல்லில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அது ஒரு பக்கம் ஓடியது, இவள் ஒரு பக்கம் ஓடினாள்.

அன்றைக்கு அந்த மியூசியத்தை அவளைப் போல ஊன்றிப் பார்த்தவர் எவரும் இல்லை. கூரையில் தொங்கிய திமிங்கல எலும்பை நின்று எண்ணினாள், கணக்குத் தப்பிப் போய்விட்டதென்று மறுபடி எண்ணினாள். பட்டாம்பூச்சிப் பெட்டிகளில் ஒன்றையும் விடவில்லை. பாடம் செய்த கொக்குகளை மட்டும் மூன்று சுற்று சுற்றினாள்.

"கொக்கு நம்ம தோட்டத்து வாய்க்கால்லயே நிக்குது. வாக்கா!" என்று பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

கடைசிக் கூடத்துக்குள் பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டுதான் நுழைந்தாள். யாரும் சிரிக்கவில்லை. மெல்ல நிமிர்ந்தாள்.

கண்ணாடிக்குள் நின்றது யானைக்குட்டிக்கு அண்ணன். பாடம் செய்த புண்ணியவான் வைக்கோலைக் கழுத்துவரை திணித்துத் தள்ளியிருந்தான். கொழுகொழுவென்ற வயிறு, பிளந்த வாய், நாலு காலும் திடமாக. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஜெயபாலன் அட்டையிலிருந்த இங்கிலீஷைப் படித்தார். "பெக்கோக், ஜொகூர். நம்ம புலியேதான்." கங்காணி துண்டைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டார்.

பேச்சியம்மாளுக்கு உயிர் வந்தது. கிட்டே போனாள். கிழிந்த இடதுகாதை அடையாளம் கண்டதும், வந்த சந்தோஷம் அப்படியே வடிந்துபோனது. பசியோடு நொண்டிக்கொண்டு வந்த கிழம். ஒரு வாளிச் சத்தத்துக்கு அவளைப் போலவே நடுங்கி ஓடியது. பாவமாக இருந்தது. தன்மேல் வெட்கமாகவும் இருந்தது.

"இவ்வளவு பெருசில்லைங்க," என்றாள். "எலும்பும் தோலுமா இருந்துச்சு. நான் அடிக்கவே இல்ல. பயத்துல வாளி தானா விழுந்துச்சு."

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். பிறகு கங்காணி கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாளி தானா விழுந்துச்சாம்! இத்தனை பெரிய புலிய விரட்டிட்டு, என்ன அடக்கம் பாத்தீங்களா!"

"முருகன்மேல சத்தியமாங்க!"

"சாமிய ஏம்மா இழுக்கிற? உன்னைச் சந்தேகப்பட்ட பாவத்துக்கு நான்தான் காவடி எடுக்கணும்."

திரும்பும் ரயிலில், தெரியாத பயணிகளுக்கெல்லாம் கங்காணியே கதை சொன்னார். "எவ்வளவு உயரம் இருந்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள். பேச்சியம்மாள் எழுந்து, தன் இடுப்பருகே கையை வைத்துக் காட்டினாள். பெட்டியே சிரித்தது. கிருஷ்ணம்மா செல்லமாக அதட்டி, அந்தக் கையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி வைத்தாள்.

பேச்சியம்மாள் ஒரு கணம் யோசித்தாள். கையை இறக்கவில்லை.