கையால் தைத்த சிமெண்ட் மூட்டை

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திருமானூர்ப் பக்கத்தில் கட்சியின் மகளிர் அணிப் பொறுப்பாளராக இருந்தேன். தலைவர்கள் வந்தால் ஆரத்தி எடுக்கப் பெண்களைக் கூட்டிவர வேண்டும். கட்சி எனக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். மற்றதை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். ரேஷன் கடையில் எடை குறைந்தால், எண்ணெயில் கலப்படம் இருந்தால் பெண்கள் என்னிடம் வந்து சொல்வார்கள். நான் கடை வாசலில் போய் நின்று சத்தம் போடுவேன். எதிர்க்கட்சிக்காரர் கடைகளில் சத்தம் போட்டவரை, கட்சிக்கும் அது பிடித்திருந்தது.

சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல்லை எங்கள் பக்கத்து மண்ணிலிருந்துதான் வெட்டினார்கள். ஆனால் அப்போது சிமெண்டுக்கு அரசுக் கட்டுப்பாடு; எங்களுக்கு ஒரு மூட்டை வேண்டுமென்றால் தாலுகா ஆபீஸில் பர்மிட்டுக்கு மாதக்கணக்கில் நடக்க வேண்டும். அப்படி நடந்து பர்மிட் வாங்கியவள், கல்குழியில் கூலி வேலை செய்த ஒருத்தி. ஒருநாள் பூச்சில் பெயர்ந்த கட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

"நகத்தால சொரண்டுனாலே உதிருதும்மா. புது வூடும்மா."

அவளுக்குச் சிமெண்ட் விற்ற கடைக்காரர் எங்கள் கட்சியின் நகரப் பொருளாளர். அது தெரிந்துதான் போனேன்.

"தண்ணி சரியா ஊத்தியிருக்க மாட்டாங்க. இதுக்குப்போய் நீங்க வரணுமா?" என்றார்.

உள்ளே அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தேன். ஆலையில் மெஷினில் தைத்த வாய் ஒரே சீராக இருக்கும். இவற்றில் பாதி, கோணி ஊசியால் கோணல்மாணலாகத் தைத்தவை. ஒன்றைப் பிரிக்கச் சொன்னேன். அவர் அசையவில்லை. நானே பிரித்தேன். பாதிக்குப் பாதி சாம்பல். அந்த மூட்டையை வண்டியில் ஏற்றித் தாசில்தார் முன்னால் கொண்டுபோய் இறக்கினேன். மறுநாள் கடைக்குச் சீல் வைத்தார்கள்.

எனக்கு மாலை போடுவார்கள் என்று நினைத்தேன். அந்தப் பக்கத்தில் சிமெண்டுக்கு வேறு கடை கிடையாது. பர்மிட் வைத்திருந்தவர்களெல்லாம் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"கலப்படமோ என்னமோ, கெடச்சிக்கிட்டு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. உங்களால சுவரு அரைகுறையா நிக்குதுங்க" என்றார் ஒரு வாத்தியார். போன வருஷம் என்னை மேடையில் பாராட்டிப் பேசியவர் அவர்.

ஒரு மாதத்தில் கடையைத் திறந்துவிட்டார்கள். கூலிக்காரி என் முன்னால் தலைகுனிந்து நின்றாள்.

"தண்ணி ஊத்தாதது என் தப்புதான்னு எழுதிக் கைநாட்டு வாங்கிட்டாங்கம்மா. நாலு நல்ல மூட்டை குடுத்தாங்க. மழை வர்றதுக்குள்ள பூசியாவணும்."

"இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்றேன். அவள் படியிறங்கிப் போனாள். யார் மேலோ இருந்த ஆத்திரத்தை அவள்மேல் காட்டினேன். பிறகு ஒருநாளும் அவளைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அந்தத் துணிவு இல்லை.

கட்சியின் மாவட்டப் பெரியவர் கூப்பிட்டு அனுப்பினார். அதட்டவில்லை, காபி கொடுத்தார். "தங்கச்சி, ஊரான் கடைன்னா நானே உன்கூட வந்திருப்பேன்" என்றார். அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலில் எனக்குச் சீட்டு இல்லை. கடைக்காரர் மனைவிக்குக் கொடுத்தார்கள். அவருக்காக வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டதும் நான்தான்.

பிறகு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு குழு அமைத்தார்கள். நுகர்வோர் சார்பில் பெண் உறுப்பினர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? அரியலூரில் தொடக்க விழா. பேப்பர் இல்லாமல் பேசத் தெரிந்தவள் என்பதால் என்னை நன்றியுரைக்குக் கூப்பிட்டார்கள். புது உறுப்பினரான கடைக்காரர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொல்லித் தரணும்."

அவர் பொய்யாகப் பேசவில்லை. கையை உதறிவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. மைக் முன்னால் நின்று அதிகாரிகளுக்கு நன்றி சொன்னேன், கட்சிப் பெரியவருக்குச் சொன்னேன், பந்தல் போட்டுக் கொடுத்த கடைக்காரருக்கும் சொன்னேன். கை தட்டினார்கள்.

அந்த வாரமே மகளிர் அணிப் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.