பிரேக்கில் கட்டிய கம்பி

என் அண்ணன் பொய் சொல்கிறான். சித்தப்பாவின் கை தடுமாறவில்லை. அவர் குடித்திருக்கவும் இல்லை. இதை எழுதும்போது என் முன்னால் ஒரு துண்டுக் கட்டுக்கம்பி கிடக்கிறது. கட்டடம் கட்டுகிறவர்கள் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கட்டுவார்களே, அந்தக் கம்பி. ஒரு முனையில் சித்தப்பா போட்ட முறுக்கு அப்படியே இருக்கிறது. மறுமுனை அறுந்திருக்கிறது. என் கைக்கு வந்தபோது அறுந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. இப்போது அங்கேயும் துரு ஏறிவிட்டது.

எங்கள் நிலம் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி இருக்கிறது. சுற்றிலும் அபார்ட்மெண்டுகள் எழும்பிவிட்டன. நடுவில் நாங்கள் இன்னும் கேழ்வரகும் அவரையும் விதைத்துக்கொண்டிருந்தோம். அப்பா போன பிறகு நிலமும் டிராக்டரும் அண்ணன் பெயருக்கு வந்தன. அவன் ஒரு கம்பெனியில் கேப் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறான். உழுதது, விதைத்தது, வண்டி ஓட்டியது எல்லாம் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. காலையில் வயலில் கலப்பை. வெயில் ஏறியதும் கலப்பையைக் கழற்றிவிட்டு தண்ணீர் டேங்கரை மாட்டி, எங்கள் போர்வெல்லில் நிரப்பிக்கொண்டு அபார்ட்மெண்டுகளுக்குப் போவார். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன்கள் அவரைப் பார்த்ததும் "நீரு பந்து!" என்று உள்ளே பார்த்துக் கத்துவார்கள். கன்னடத்தில் தண்ணீர் வந்தது என்று அர்த்தம். "பாரும்மா, எனக்குப் பேரே தண்ணின்னு வெச்சிட்டானுங்க" என்று சித்தப்பா சிரிப்பார். அவருக்குக் குழந்தை இல்லை. நான் பள்ளிக்கூடம் போன நாட்களில், திரும்பி வரும்போது பேக்கரியில் ஒரு துண்டு தில்பசந்த் வாங்கி, ஸ்பேனர் வைக்கும் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவருவார். உள்ளே பூரணமாக வைத்த தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் டீசல் வாசனையோடு இருக்கும். இன்றைக்கும் எந்தப் பேக்கரித் தில்பசந்தைத் தின்றாலும் எனக்கு ஏதோ குறைகிறது.

டிராக்டர் ஓட்டாதவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். டிராக்டருக்கு பிரேக் பெடல் இரண்டு. வலது சக்கரத்துக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. வயலில் தனித்தனியாக மிதிப்பார்கள். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பிடித்தால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். ரோட்டுக்கு வந்துவிட்டால் இரண்டையும் ஒரு கொக்கியால் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் ஒரு சக்கரம் நிற்கும், இன்னொன்று ஓடும், வண்டி கவிழும். எங்கள் டிராக்டரில் அந்தக் கொக்கி தேய்ந்து தேய்ந்து ஒருநாள் உடைந்து விழுந்தது. அன்று முதல் ரோட்டுக்கு ஏறும்போதெல்லாம் சித்தப்பா குனிந்து இரண்டு பெடலையும் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுவார். வயலுக்கு வந்ததும் அவிழ்ப்பார். தினமும் கட்டி அவிழ்க்கிற கம்பி எத்தனை நாள் தாங்கும்?

கொக்கி மட்டுமில்லை. வண்டிக்கே வயதாகியிருந்தது. கிளட்ச் வழுக்கியது, சைலன்சர் கரும்புகை விட்டது. பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. இந்தப் பேச்சில் அண்ணனுக்கு இரண்டு வாய். பழுது பார்க்கலாம் என்றால், "புதுசு வாங்கப்போறோம், இதுக்கு ஏன் தண்டச் செலவு?" என்பான். சரி, வாங்கு என்றால், "நிலத்தையே பில்டர் கேட்டுக்கினு இருக்கான். நிலமே இருக்குமோ இருக்காதோ, புது வண்டி எதுக்கு?" என்பான். இரண்டுக்கும் நடுவில் வண்டி மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அபார்ட்மெண்ட்காரர்களுக்குத் தண்ணீர் வேண்டும் அல்லவா.

கடைசியில் ஆனி மாதம் சித்தப்பாவை ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நானும் போனேன். சிவப்பு வண்டி ஒன்றின் மேல் சித்தப்பாவை ஏறி உட்காரச் சொன்னார்கள். விற்கிற பையன் குதிரைசக்தி, மைலேஜ் என்று ஏதேதோ சொன்னான். சித்தப்பா எதையும் காதில் வாங்கவில்லை. குனிந்து பிரேக் கொக்கியைப் போட்டார், டக். எடுத்தார். மறுபடி போட்டார், டக். அவ்வளவு பெரிய வண்டியில் அவர் பார்த்தது உள்ளங்கை அளவுகூட இல்லாத அந்த இரும்பைத்தான். "என்ன சித்தப்பா, பிடிச்சிருக்கா?" என்றேன். "சத்தம் நல்லா இருக்கும்மா" என்றார்.

பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகக் கடையில் சொன்னார்கள். அதுதான் வினையாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அண்ணன் உத்தரவு போட்டான்: "எக்ஸ்சேஞ்சுல போற வண்டி. இனிமே யாரும் ரிப்பேர் அது இதுன்னு அதுல கை வைக்காதீங்க." அப்படியானால் நாளைக்கே புதிதை எடுத்துவிடு என்றேன். ஆடி பிறக்கப்போகிறது என்றான். ஆடியில் யாராவது வண்டி எடுப்பார்களா என்றான். ஆடி போனால் ஆவணியில் எடு என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தா ஆயுத பூஜையே வந்துடும். அன்னிக்கு வண்டி வாசலுக்கு வந்தா குடும்பத்துக்கே நல்லது. கட்டிக்குடுத்த பொண்ணு நீ, இதுல எதுக்கு மூக்க நுழைக்கிற?" என்றான். எங்கள் வீட்டில் நல்ல நாள் பார்த்துத்தான் எல்லாம் நடக்கும். ஆனால் பிரேக் கொக்கி இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டுவதற்கு மட்டும் எல்லா நாளும் நல்ல நாள்.

என் வீட்டுக்காரர் அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். உடைந்த கொக்கியின் அளவுக்கு ஒன்று கடைந்து கொடுத்தார். எடுத்துக்கொண்டு போனேன். சித்தப்பா அதை வாங்கித் தடவிப் பார்த்தார். "லேத்துக்காரன் பொண்டாட்டின்னா சும்மாவா" என்று கிண்டல் செய்தார். பிறகு என் கையிலேயே திருப்பி வைத்தார். "வேணாம்மா. அவன் கை வெக்காதேன்னு சொல்லிட்டான். வண்டி அவன் பேர்ல இருக்குது. நான் மீறினா நாளைக்கு ஊர்ல அவனுக்கு என்னா மரியாதை? ரெண்டு மாசந்தானே, கம்பி தாங்கும்." சொந்த அண்ணன் மகனின் மரியாதைக்காக அந்த மனிதர் தன் காலைக் கம்பியில் வைத்தார். அந்த மரியாதைக்கு என்ன பதில் கிடைத்தது என்று பாருங்கள்.

ஆவணியில் அது நடந்தது. ஏரிக்கரைச் சாலையின் இறக்கத்தில், நிறைந்த டேங்கரோடு வந்துகொண்டிருந்தார். சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. அதை ஓட்டியவள், பின்னால் குழந்தையை உட்காரவைத்திருந்தவள், பிறகு என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள்: "அஜ்ஜா என்னப் பாத்தாரு, பிரேக்க மிதிச்சாரு, வண்டி அப்படியே சுத்திச்சு." கன்னடத்தில் அஜ்ஜா என்றால் தாத்தா. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த இறக்கம் முழுவதும் தண்ணீர். மழையே இல்லாத நாளில் ரோடு நனைந்து கிடந்தது. டிராக்டர் சாக்கடைப் பள்ளத்தில் குப்புறக் கிடந்தது. சித்தப்பாவை அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு ரப்பர் செருப்பு மட்டும் தண்ணீரோடு வந்து ரோட்டோரம் ஒதுங்கியிருந்தது. இன்னொன்றைத் தேடினேன். கிடைக்கவில்லை.

சாவு வீட்டில் அண்ணன்தான் முதலில் சொன்னான்: "வயசாயிடுச்சு, கை தடுமாறிடுச்சு. ஓட்டாதீங்கன்னு எத்தன வாட்டி சொன்னேன்." எத்தனை வாட்டியும் சொல்லவில்லை. ஒரு வாட்டிகூடச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதற்குக் காலும் கையும் வைத்தார்கள். பகலிலேயே குடித்திருப்பார் என்று ஒருவர் சொன்னார். அண்ணன் மறுக்கவில்லை. உள்ளே சித்தி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். புகையிலைகூடத் தொடாத மனிதரோடு குடும்பம் நடத்தியவள். அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பேச்சு நடக்கும் வீட்டின் பின்கட்டில்தான் அவள் இருக்கிறாள். கடைக்குப் போனால்கூட, "பாவம், இவ புருஷன்தான் போதையில…" என்று அவள் காதுபடப் பேசுகிறார்கள்.

நசுங்கிய வண்டியைப் போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துக் காலி இடத்தில் போட்டிருந்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் போய்ப் பார்த்தோம். இந்தக் கம்பி வலது பெடலில் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. ரோட்டுக்கு வரும் முன் சித்தப்பா கட்டித்தான் இருக்கிறார். ஒழுங்காகத்தான் மிதித்திருக்கிறார். அறுந்தது கம்பி.

அண்ணன் ஆடி பார்த்தான், ஆயுத பூஜை பார்த்தான். சாவு விழுந்த பிறகு எந்த நாளும் பார்க்கவில்லை. காரியம் முடிந்த சூட்டோடு சிவப்பு வண்டி வந்து நின்றது. தீட்டு என்பதால் போன வருஷம் பூஜை இல்லை. இந்த வருஷம் அதற்கு முதல் பூஜை. "எல்லாரும் வராங்க, நீயும் வந்துடு. பழச எடுக்காத, நல்ல நாளு" என்று போனில் சொன்னான்.

வருகிறேன் அண்ணா. ஆனால் ஒன்றை நீ மறந்துவிட்டாய். சித்தப்பா இருந்தபோது நடந்த கடைசி ஆயுத பூஜையில் ஸ்பேனர், அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், பெடலில் கட்டியிருந்த கம்பிக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். "இதுவும் வேலை செய்யுதில்ல, இதுக்கும் ஒரு பொட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய்.

இந்தத் துருப்பிடித்த துண்டை அன்றைக்கு உன் சிவப்பு வண்டியின் முன்னால், படையலில் வைப்பேன். சித்தியைக் கையைப் பிடித்து முன்னால் கூட்டிவருவேன். பூசணிக்காய் உடைக்கும் முன், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும், வாயைத் திறந்து சொல்: இந்தக் கம்பியை நீ பார்த்தாயா, இல்லையா?